பலகையை விட்டு இறங்காதவள்

ஒகுநுமா சதுப்புக்கு வந்துவிட்டுக் கிகுனோவிடம் வசவு வாங்காமல் ஊர் திரும்பியவர்கள் ரொம்பக் குறைவு. பலகைப் பாதையின் ஓரத்தில் கால் நுனி வழுக்கிக் கோரையில் பட்டால் போதும், எங்கிருந்துதான் வருவாளோ, வந்து நிற்பாள். டாக்டரா, வக்கீலா, தொலைக்காட்சிக்காரனா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். ஒருமுறை படம் எடுக்க வந்தவன் முக்காலியின் ஒரு காலைப் பாசியில் ஊன்றிவிட்டான். “உங்க வீட்டுச் சாமி அலமாரி மேலயும் இப்படித்தான் காலை வெப்பீங்களாய்யா?” என்று கேட்டாள். பாவம், அவன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டான். மூன்றாவது தடவை குனிந்ததில் தொப்பி கழன்று கோரையில் விழுந்தது. அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

தொப்பியை எடுக்க, அவள் வேலை பார்க்கும் மலை விடுதியின் வாசலில் ஒரு நீளமான மூங்கில் கழி தொங்கும். நுனியில் கொக்கி. யாருடைய பொருள் சதுப்பில் விழுந்தாலும் சரி, வந்து சொன்னால் கிகுனோ கழியோடு போய்ப் பலகையில் நின்றபடியே எடுத்துக் கொடுப்பாள். இறங்க மாட்டாள். அவளும் இறங்க மாட்டாள், வேறு யாரையும் இறங்க விடவும் மாட்டாள். அறுபத்திரண்டு வயதான அவளைப் பற்றி ஒரு வரியில் சொல்லச் சொன்னால் மலையில் உள்ளவர்கள் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் அவள் இறங்கிக் கிடந்த காலமும் ஒன்று உண்டு. டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்து ஐந்தாவது வருடம், பதினாறு வயதில், அடிவாரத்துக் கரிச்சூளைக்காரர் ஒருவரின் நான்காவது மகளாக அவள் இந்த விடுதிக்குப் பாத்திரம் தேய்க்க வந்தாள். அப்போதெல்லாம் கோடை வந்தால் மலைக்குத் திருவிழாக் கூட்டம். ஒரு மெத்தைக்கு இரண்டு பேர் தலைமாற்றிப் படுத்தும் இடம் போதாமல், குட்டைகளின் ஓரத்துப் புல்வெளியில் நூற்றுக்கணக்கில் கூடாரம் அடித்தார்கள். அங்கேயே பந்து விளையாடினார்கள், அங்கேயே தீ மூட்டி ஆடினார்கள். கிகுனோ தேநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தப் புல்லைக் குறுக்கே மிதித்து நடந்தாள். பலகை வழியே சுற்றிப் போனால் தேநீர் ஆறிவிடும் அல்லவா! ஐந்தே வருடத்தில் அந்த இடம் மொட்டையாகிக் கறுத்துப்போனது. சிமெண்டுத் தளம் போல இறுகிய அந்த மண்ணில் மழைத்தண்ணீர்கூட இறங்கவில்லை.

பிறகு சட்டம் வந்தது, காவல் வந்தது, கூடாரங்கள் கிளம்பின. பழைய கூடாரத் திடல் என்ற பெயர் மட்டும் தங்கியது. அதைச் சரிசெய்ய முதலில் ஐம்பது பேர் கிளம்பினார்கள். செப்டம்பரில் கோரை விதையைக் கையால் உருவிச் சேர்த்து, விதைத்து, வைக்கோல் பாயால் மூடிவிட்டுக் குளிர்காலத்துக்கு மலை இறங்குவார்கள். குளிர்காலத்தில் உறைபனி மண்ணைப் பிளந்து எல்லாவற்றையும் வெளியே துப்பிவிடும். ஜூனில் பாயைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மறுபடியும் விதை, மறுபடியும் பாய். பத்து வருடத்தில் ஐம்பது பேர் எட்டுப் பேரானார்கள். இருபத்துமூன்றாவது வருடம் திடல் முழுக்கப் பச்சை பிடித்தபோது, முதல் நாள் தொடங்கி மண்டியிட்டவர்களில் மிஞ்சியவள் கிகுனோ ஒருத்திதான். ஒரு சாண் பாசிக்கும் கோரைக்கும் கீழே பழைய தரை இன்னும் அதே இறுக்கத்தோடு கிடக்கிறது என்பது அவள் விரல் நகங்களுக்குத் தெரியும். குட்டைகள்தான் ஆபத்து, குட்டைக்குள் இடுப்புக்கு மேல் சேறு. திடல் அப்படியில்லை. பத்து ஆள் நின்றாலும் தாங்கும்.

இடையில் பலகைத் தச்சர் எய்சோவைக் கட்டிக்கொண்டாள். பிள்ளையில்லை. நல்ல மனுஷர், அதிகம் பேசாதவர். ஒரு ஜனவரியில், அடிவாரத்து ஊரில் அவர்கள் குளிர்காலத்துக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வருடமும் மே மாதம் கிகுனோ மேலே ஏறினாள். வேறு எங்கே போவாள்?

சாப்பாடு மாலை ஐந்து மணிக்கு. எல்லோரும் மிசோ சூப்பின் மூடியைத் திறக்கும் நேரம் பார்த்துக் கிகுனோ கூடத்தின் நடுவில் வந்து நிற்பாள். சோப்பு போடக் கூடாது, ஷாம்பு கூடாது, ஒன்பது மணிக்கு விளக்கு அணையும், வலது பலகையில் நடக்க வேண்டும், காலடி ஒன்று பதிந்தால் ஆற இருபது வருடம் ஆகும், நாளைக் காலையில் கட்டிக்கொடுக்கும் சோற்று உருண்டையின் காகிதம் உங்களோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். இதையெல்லாம் அவள் சொல்லும் விதத்துக்கே சிலர் வருடா வருடம் வருவார்கள். முதலாளி தைஜிக்கு வயது நாற்பத்துநான்கு, இந்த விடுதியை நடத்தும் மூன்றாம் தலைமுறை. தவழ்ந்த நாளில் அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி கிளறியவள் கிகுனோதான். “கிகுக்கா பேச்சுக்குத் தனியா டிக்கெட் போடலாம்,” என்பார்.

அந்த அக்டோபரில் விடுதி மூட இன்னும் ஒன்பது நாள் இருந்தது. முப்பத்தொரு பேர் கூடத்தில். முன்வரிசையில் தகாசாகியிலிருந்து தனியாக வந்த ஒரு பெரியவர், ஹிசமாத்சு என்று பெயர், நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முதுகு வளையாமல் உட்கார்ந்து, கிகுனோ சொன்னதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இப்படி எழுதிக்கொள்பவரை அவள் நாற்பது வருடத்தில் பார்த்ததில்லை. முடிவில் கையைத் தூக்கினார்.

“ஒரு சந்தேகம். காகிதம் காத்துல பறந்து சதுப்புல விழுந்துட்டா என்ன செய்யணும்? குப்பையை விடக் கூடாது, இறங்கவும் கூடாதுன்னு சொல்றீங்க.”

நியாயமான கேள்வி. பதிலும் தயாராகத்தான் இருந்தது: வாசலில் கழி இருக்கிறது, வந்து சொல்லுங்கள். ஆயிரம் தடவை சொன்ன பதில். ஆனால் கூடம் நல்ல குஷியில் இருந்தது, அவளுக்கும் வாய் துறுதுறுத்தது.

“என்னய்யா கேள்வி இது? பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினா வாசல்ல உக்காந்து நோட்டுல எழுதிட்டு இருப்பீங்களா? பின்னாடியே ஓடிக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர மாட்டீங்க?”

கூடமே அதிர்ந்தது. சுமை தூக்கும் கோண்டா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கரண்டியால் பானையைத் தட்டினார். பெரியவரின் காது இரண்டும் சிவந்துவிட்டன, அவரும் சிரித்தார், குனிந்து அதையும் எழுதிக்கொண்டார். கழியைப் பற்றிச் சொல்ல மறந்தே போனது.

மறுநாள் காலை ஆறரைக்கு அவர் கிளம்பினார். ஏழேகாலுக்கு மூங்கில் துடைப்பத்தோடு கிகுனோவும் கிளம்பினாள். பலகை மேல் உறைபனி விரல் கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது, அதைத் தட்டிவிட்டுக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் வருகிறவர்கள் சறுக்கி விழுவார்கள். மூடுபனி இடுப்பு உயரம் நின்றது. பழைய கூடாரத் திடலின் ஓய்வு பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தபோது ஒரு குரல் கேட்டது. அது அலறலாக இல்லை. கடை வாசலில் நின்று உள்ளே இருப்பவரைக் கூப்பிடுவது போல, “மன்னிக்கணும்… யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டது.

பெஞ்சின் மேல் பாதி கடித்த சோற்று உருண்டை இருந்தது. திடலுக்கு அந்தப் பக்கம், முதல் குட்டைக்குள், ஹிசமாத்சு மார்பு வரை கிடந்தார். ஒரு கையால் கரையைப் பிடித்திருந்தார். பிடிக்கப் பிடிக்கக் கரை பிய்ந்து வந்துகொண்டிருந்தது. மற்றக் கை தண்ணீருக்கு மேல் மூடியபடி உயர்ந்திருந்தது.

“ஐயா! என்ன ஆச்சு?”

“காகிதம் பறந்துடுச்சு. பிடிச்சுட்டேன். பிடிச்சுட்டு, கால் வழுக்கி…” பல் தந்தியடித்ததில் பேச்சு துண்டு துண்டாக வந்தது. “ரொம்பச் சிரமம் குடுக்கறேன்.”

இடையில் இருபத்திரண்டு காலடி தூரம். கிகுனோ துடைப்பத்தைப் போட்டாள். வலது கால் பலகையின் விளிம்புக்கு வந்தது. ரப்பர் செருப்பின் நுனி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். அதற்குமேல் அந்தக் கால் போகவில்லை. யாராவது பிடித்து நிறுத்தினார்களா? கிடையாது. பயமா? அதுவும் கிடையாது. கால் இறங்க மறுத்துவிட்டது, அவ்வளவுதான் சொல்ல முடியும். நாற்பது வருடமாக அதற்கு ஒன்றே ஒன்றுதான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

அவர் அந்தக் காலைப் பார்த்துவிட்டார்.

“வந்துடாதீங்கம்மா. நல்ல புல்லு… மிதிபட்டுடும்.”

“அசையாதீங்க!” என்று கத்தினாள் கிகுனோ. “பலகை கொண்டு வரேன். பலகை போட்டு வரேன். இப்ப வந்துடறேன்!”

பெரியவர் அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்து வணங்கினார். சேற்றில் மார்பு வரை நின்றுகொண்டு வணங்கினார்! அவள் திரும்பி ஓடினாள்.

விடுதிக்குத் தொள்ளாயிரம் மீட்டர். இரண்டு இடத்தில் விழுந்தாள். தைஜியும் கோண்டாவும் அடுக்கி வைத்திருந்த பழுதுப் பலகைகளை எடுத்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் பலகையைக் கோரை மேல் வைத்தார்கள், அதன் மேல் நின்று இரண்டாவதை, அதன் மேல் நின்று மூன்றாவதை. கிகுனோ பின்னாலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். “இழுக்காதே, தூக்கி வை. குறுக்கப் போடாதே, நீளவாக்குல போடு.” இந்த வார்த்தைகளையெல்லாம் சொன்னது தன் வாய்தானா என்று பின்னால் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறாள். அவள்தான். குறுக்கே போட்டால் அதிகப் புல் நசுங்கும்.

அவள் ஓடத் தொடங்கியதிலிருந்து அவர்கள் குட்டையை எட்டியது வரை முப்பத்தெட்டு நிமிடம். ஹிசமாத்சு கரையில் கன்னத்தை வைத்திருந்தார், மூக்கும் வாயும் தண்ணீருக்குள் இருந்தன. கோண்டா அவரைத் தூக்கிப் பலகையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார், அழுத்திக்கொண்டே அழுதார். தைஜி வானொலியில் அடிவாரத்தைக் கூப்பிட்டார். பத்து மணிக்கு ஹெலிகாப்டர் வந்தது. மூடிய கையை மருத்துவர்தான் பிரித்தார். உள்ளே விடுதியின் காகிதம் கசங்கிக் கிடந்தது. “குப்பையை உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்” என்று அதில் அச்சடித்திருந்தது கிகுனோவின் கையெழுத்து. பத்து வருடம் முன்பு அச்சகத்துக்கு அவள்தான் எழுதிக் கொடுத்தாள்.

எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். அதுதான் கொடுமை. போலீஸ்காரர் சொன்னார், காப்பாற்றப் போகிறவர்களும் மாட்டிக்கொண்டு இரண்டு சாவாக முடியும் விபத்துகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார், இந்த அம்மா நிதானமாக நடந்துகொண்டார். இயற்கைக் காப்பகத்திலிருந்து வந்த அதிகாரி திடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வியந்துபோனார். “பெரியவர் ஓடின தடத்தைத் தவிர, இவ்வளவு பெரிய மீட்புக்கு ஒரு கோரைகூட மிதிபடலையே!” என்றார். விடுதி மூடும் நாளில் நடந்த கூட்டத்தில் இதைச் சொல்லி எல்லோரும் கை தட்டினார்கள். கிகுனோ எழுந்து நின்று வணங்கினாள். வேறு என்ன செய்வாள், தட்டும்போது வணங்கத்தானே வேண்டும்.

கோண்டா ஒருவர்தான் தட்டவில்லை. கடைசிச் சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தவர், கயிற்றை இறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“கிகுக்கா, அது பழைய கூடாரத் திடல்தானே?”

“ஆமா.”

“நீங்க பாய் போட்ட இடம்.”

“ஆமா.”

கயிற்றை முடிந்துகொண்டு எழுந்து போனார். எண்பது கிலோ சுமையோடு அவர் வளைவில் மறையும்வரை கிகுனோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அடிவாரத்து அறையில் நடந்தாள். சன்னலிலிருந்து கதவுக்கு ஏழு காலடி. போய், வந்து, மறுபடி போய், இன்னும் ஒரு காலடி வைத்தால் இருபத்திரண்டு. அரை நிமிடம்கூட ஆகவில்லை. குட்டைக் கரையில் குப்புறப் படுத்துக் கழுத்துத் துண்டை வீசியிருந்தால் அந்த மனுஷர் பிடித்திருப்பார். இழுத்திருக்க முடியுமா, முடியாதா? அது யாருக்கும் தெரியாது. கையையாவது பிடித்துக்கொண்டு கிடந்திருக்கலாம். முப்பத்தெட்டு நிமிடம் தனியாக விட்டுவிட்டு வந்தோமே, அதுவும் புல்லுக்காக, என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் கால்கள் மேல் அருவருப்பாக இருந்தது. கீழ்வீட்டுக்காரி மேலே வந்து, “என்ன கிகுனோ, வீட்டுக்குள்ளயே மலை ஏறறியா?” என்று கேட்டாள். “கால் மரத்துப் போச்சு,” என்று சொல்லிவைத்தாள்.

ஜூனில் விடுதி திறந்த இரண்டாம் வாரம், ஹிசமாத்சுவின் மனைவி வருவதாகக் கடிதம் வந்தது. தைஜி சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“கிகுக்கா. அவங்க வர்றப்போ வேண்டாததையெல்லாம் பேசாதீங்க.”

“எதை வேண்டாததுன்னு சொல்றே?”

“உங்களுக்கே தெரியும். கோண்டா என்கிட்ட சொன்னார். தரை கெட்டி, ஆழமில்லை, இதெல்லாம்.” குரலைத் தணித்தார். “சொல்லி என்ன ஆகப் போகுது? ஆள் திரும்பி வரப் போறாரா? அந்தம்மா ஒரு மாதிரி மனசைத் தேத்திக்கிட்டு வர்றாங்க. அதைக் கெடுக்கணுமா? உங்களுக்கும் நல்லதில்லை, அவங்களுக்கும் நல்லதில்லை.”

“உன் விடுதிக்கும் நல்லதில்லை.”

“ஆமாக்கா. விடுதிக்கும்தான். நான் பொய் சொல்லல.”

கிகுனோ முள்ளங்கியை நறுக்கிக்கொண்டே இருந்தாள். தைஜி சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. சரி, வாயை மூடிக்கொள்வோம் என்று முடிவு செய்தாள். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அப்படி ஒரு முடிவு.

அந்த அம்மாள் மெலிந்த, சின்ன உருவம். இதற்கென்றே வாங்கிய மலைச் செருப்பு, பையில் கரடி அண்டாமல் இருக்கக் கட்டும் கரடிமணி, கையில் ஊதாத் துணியில் கட்டிய இனிப்புப் பெட்டி. அலுவலறையில் நுழைந்ததும் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி பாயில் படக் குனிந்தார்.

“என் வீட்டுக்காரர் உங்க எல்லாருக்கும் பெரிய தொந்தரவு குடுத்துட்டார். இறங்கக் கூடாத இடத்துல இறங்கி, காப்பாத்தி வெச்ச புல்லையும் கெடுத்துட்டார். முன்னாடியே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும், பனி விழுந்துட்டதால முடியல. மன்னிக்கணும்.”

தைஜி பதறி அவரும் குனிந்தார். பெட்டி கை மாறியது. துணியை மடித்து அந்த அம்மாள் தன் பையில் வைத்துக்கொண்டார். கிகுனோ கதவோரம் நின்று பார்த்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் கோரைக்காக மன்னிப்புக் கேட்கிறாள்! பூமியில் வேறு எங்காவது இது நடக்குமா?

இடத்தைக் காட்டக் கிகுனோதான் கூட்டிப் போனாள். நல்ல வெயில். ஓடைப் பக்கம் வெள்ளைப் பூக்கள் மடல் விரித்து வரிசையாக நின்றன. பெஞ்சுக்கு வந்ததும் குட்டையைக் கையால் காட்டினாள். அந்த அம்மாள் பலகையின் நடுவில் நின்று கை கூப்பினார், விளிம்புக்குக்கூடப் போகவில்லை.

“பூ வெக்கக் கூடாதுன்னு படிச்சேன். வெளியூர்ச் செடி விதை விழுந்துடுமாமே. அதான் கொண்டு வரல,” என்றார். பிறகு பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்தார். “இதை உங்ககிட்ட காட்டணும்னு நெனச்சேன். அன்னைக்கு ராத்திரி எழுதினது. உங்களை அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்திருக்கு.”

பேருந்து நேரங்களை எழுதிப் பழகிய நேரான எழுத்து. சோப்பு கூடாது. வலது பலகை. ஒன்பது மணி. கடைசி வரி: “காகிதம் பறந்தால் பின்னாலேயே ஓடிப் பிடிக்க வேண்டும் (விடுதி அம்மா). சகியேயிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்.”

“சகியே நான்தான்,” என்றார் அந்த அம்மாள்.

கிகுனோவால் நோட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூட முடியவில்லை.

“கடைசியா ஏதாவது சொன்னாரா?”

“வராதீங்க, நல்ல புல்லு, மிதிபட்டுடும்னு சொன்னார்.”

அந்த அம்மாள் சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. “அவர் அப்படித்தான். பஸ்ஸுல ஒரு ஆள் கூடுதலா குலுங்கினாக்கூட வீட்டுக்கு வந்து வருத்தப்படுவார். நல்லவேளை நீங்க வரல. வந்திருந்தா நீங்களும் மாட்டியிருப்பீங்க. அப்புறம் நான் உங்க வீட்டுக்காரங்க முகத்துல எப்படி முழிப்பேன்? நல்லவேளை.”

அந்த ‘நல்லவேளை’யைக் கிகுனோவால் தாங்க முடியவில்லை. தைஜி சொன்னதெல்லாம் மறந்துபோனது. நோட்டைப் பெஞ்சின் மேல் வைத்தாள். விளிம்புக்குப் போனாள். வலது காலைத் தூக்கிக் கோரைக்குள் வைத்தாள்.

ஒன்று. இரண்டு. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, அதற்குமேல் வரவில்லை. பாசி நசுங்கிக் குமிழி விட்டது. திடல் பச்சை பிடித்த பிறகு முதல் தடவையாகக் கால் அந்தக் குளிர்ச்சியைத் தொட்டது. ஏழு, எட்டு. தான் நட்ட ஒவ்வொரு கொத்தையும் மிதித்துக்கொண்டு போனாள். இருபத்திரண்டில் குட்டையின் கரையில் நின்று திரும்பினாள்.

“இவ்வளவுதாம்மா ஆழம்,” என்றாள். “நான் மாட்டியிருக்க மாட்டேன். இது கெட்டித் தரை. இங்க இருக்கற கோரை பூரா என் கையால நட்டது. அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் இறங்கல. பலகை எடுக்க ஓடினேன். காகிதம் பறந்தா வந்து சொல்லுங்க, கழி இருக்குன்னு சொல்லியிருக்கணும். அதையும் சொல்லல. தமாஷ் பண்ணிட்டேன்.”

அந்த நேரம் பார்த்து நான்கைந்து மலையேறிகள் மணி ஒலிக்க வந்தார்கள். முன்னால் வந்த நடுத்தர வயதுப் பெண் கிகுனோவைப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, அங்கெல்லாம் இறங்கக் கூடாது! எத்தனை வருஷமாகும் தெரியுமா?” என்று கடிந்துகொண்டாள். கிகுனோ அவளிடம் தலை குனிந்தாள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கடந்து போனார்கள்.

மணிச் சத்தம் தேய்ந்த பிறகு அந்த அம்மாள் கேட்டார்.

“அவர் உங்களைப் பாத்தாரா?”

“பாத்தார்.”

“நீங்க திரும்பி ஓடினதையும்?”

“பாத்தார். கும்பிட்டார்.”

அந்த அம்மாள் நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்தார். கிகுனோ திரும்பி வந்து பலகையில் ஏறி, பத்தடி பின்னால், ஈரக் காலோடு போனாள்.

அலுவலறை மேசையில் இனிப்புப் பெட்டி இருந்தது. அந்த அம்மாள் ஊதாத் துணியை விரித்தார். பெட்டியை அதன் நடுவில் வைத்து, நான்கு முனையையும் எடுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சு ஒரு தடவை நழுவியது, மறுபடி போட்டார்.

“மன்னிக்கணும். இதை நான் திரும்ப எடுத்துட்டுப் போறேன்,” என்றார் தைஜியிடம்.

அந்த அம்மாள் அவருக்கு முறைப்படி வணங்கினார். கிகுனோவைக் கடந்துபோகும்போது வணங்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது கரடிமணி கிணுகிணுத்தது, அது ஓடைப் பாலம் வரைக்கும் கேட்டது.

தைஜி மூன்று நாள் கிகுனோவோடு பேசவில்லை. நான்காம் நாள் கோண்டா ஒரு வைக்கோல் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “மூடிடலாமாக்கா? இப்ப மூடினா பத்துப் பதினஞ்சு வருஷத்துல வந்துடும்.”

“வேண்டாம்.”

“பாக்கறவங்க கேக்கறாங்க.”

“கேக்கட்டும்.”

கேட்கத்தான் செய்தார்கள். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, கறுப்புத் தண்ணீர் நிறைந்த காலடிகள், பெரியவரின் பழைய தடத்தை ஒட்டி, பெஞ்சிலிருந்து குட்டை வரை அப்படியே நின்றன. மாலைச் சாப்பாட்டில் யாராவது ஒருவர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்பார்: “அந்தத் திடல்ல எந்த மடையன் இறங்கி நடந்திருக்கான்?”

“நான்தான்,” என்பாள் கிகுனோ. கூடம் சிரிக்கும், இது அவளுடைய தமாஷ் என்று நினைத்து. அவள் சிரிக்காததைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அதன் பிறகு விதிகளைச் சொல்வாள், ஒவ்வொன்றாக, நயமே இல்லாமல். காகிதம் பறந்தால் விட்டுவிடுங்கள், வந்து சொல்லுங்கள், வாசலில் கழி இருக்கிறது. தொப்பி விழுந்தால் விட்டுவிடுங்கள். எது விழுந்தாலும் விட்டுவிடுங்கள்.

“ஆள் விழுந்தா?” என்று ஒருநாள் ஒரு பெண் கேட்டாள்.

“இறங்குங்க,” என்றாள் கிகுனோ. “புல்லாவது மண்ணாவது. உடனே இறங்குங்க.”